தாத்தா கெய்சருக்கு ஏழு வியாதிகள்!

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடும் பிரம்மச்சாரிகளுக்கென்று ஹவுஸ் ஓனர்கள் கைவசம் ஓர் அஸ்திரம் வைத்திருப்பார்கள். ஹால் சின்னதாக இருக்கும். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் சிலிண்டர் மேல் உட்கார வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். நாம் முகத்தைச் சுளிக்கிற நேரம் பார்த்து, ஓனர் குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப நகையைக் காட்டுகிற மாதிரி சொல்வார்: "பாத்ரூம்ல கேஸ் கெய்சர் இருக்கு தம்பி!"

மார்கழி மாதக் காலையில் ஓசூர்ப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வாக்கியத்தின் மகிமை தெரியும். அடுத்த நிமிஷம் அட்வான்ஸ் கைமாறிவிடும். கெய்சருக்கு என்ன வயசு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், தினமும் காலையில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்கப் போகும் ஒரு நெருப்புப் பெட்டிக்கு ஒரு பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை.

நான் படித்தது பி.காம். அதில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம். ஓர் இயந்திரத்தின் மதிப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கடைசியில் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யமாக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். புத்தகத்தில் பூஜ்யமான பிறகும் சுவரில் தொங்கிக்கொண்டு விடாமல் எரிந்துகொண்டிருக்கும் வஸ்து ஒன்று உண்டென்றால் அது வாடகை வீட்டு கெய்சர்தான்.

இந்த வட்டாரத்தில் நான் பார்த்தது ஐந்து வாடகை வீடுகள், ஐந்து கெய்சர்கள். அவற்றைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகளுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு, ஸ்குரூவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கேள்வியாகக் கேட்டுத் துளைத்ததில் ஒரு விஷயம் புரிந்தது. வயசான கெய்சருக்கு வருகிற வியாதிகள் மொத்தம் ஏழு. அதில் ஆறு, ஊரைக் கூட்டும். ஏழாவது வாயே திறக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குலமும் கோத்திரமும்

ஐஸ்லாந்து நாட்டில் பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும் ஊற்று ஒன்று உண்டு. பெயர் கெய்சிர். அந்தப் பெயரைத் தன் இயந்திரத்துக்கு வைத்தவர் லண்டன்காரர், பெஞ்சமின் வாடி மாகன். 1868-ல் கேஸை எரித்துத் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவியைச் செய்தார். தண்ணீர் ஓட ஓடச் சுடும். அபாரமான கண்டுபிடிப்பு. ஒரே ஒரு குறை... எரிந்த புகை வெளியே போகக் குழாய் வைக்கவில்லை. குளிக்கிறவர் இருக்கும் அறையிலேயே புகையும் தங்கியது. நூற்றைம்பது வருஷம் கழித்தும் நம் ஊரில் பல பாத்ரூம்களில் அந்த ஒரு குறையைப் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறோம்.

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். நடுவில் கரி போடும் குழாய் வைத்த செப்பு பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? அது கொல்லைப்புறத்தில், கிணற்றடிப் பக்கத்தில், வானம் பார்த்து நிற்கும். நெருப்பு வெளியே, வாளித் தண்ணீர் மட்டும் உள்ளே. கண்ணைக் கசக்கிக்கொண்டு கரி ஊதினாளே தவிர, பாட்டி ஒரு நாளும் பாய்லரைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தாழ்ப்பாள் போடவில்லை.

இப்போது கெய்சரின் வயிற்றுக்குள் ஒரு நடை போய்விட்டு வரலாம். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் கேஸ் ட்யூப். தண்ணீர் வேகமாக ஓடினால் அந்த அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். 'டயாஃப்ரம்' என்பார்கள். சவ்வு ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி கேஸ் வால்வைத் திறந்து, பக்கத்தில் உள்ள குட்டி ஸ்விட்சையும் அழுத்தும். உடனே இரண்டு பேட்டரி உயிர்பெற்று 'டிக் டிக் டிக்' என்று பொறி வைக்கும். கேஸ் பற்றும். மேலே செப்புத் தகடுகளுக்கு நடுவே சுற்றி வரும் குழாயில் தண்ணீர் சூடாகும். குழாயை மூடினால் சவ்வு பின்வாங்கும், கேஸ் நிற்கும். தண்ணீர் இல்லையேல் நெருப்பு இல்லை. எளிமையான, அழகான ஏற்பாடு. வயசாகாத வரைக்கும்!

முதல் வியாதி: டிக் டிக் உண்டு, தீ இல்லை

சுவர்க்கோழி மாதிரி கத்திக்கொண்டே இருக்கும், பற்றாது. முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. பெரிய டார்ச் லைட்டுக்குப் போடுகிற சைஸில் இரண்டு, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். பாத்ரூம் ஈரத்தில் பேட்டரி ஒழுகி, தகடு பச்சை பூத்து நிற்கும். உப்புத்தாள் வைத்து நாலு தேய்ப்பு, புது பேட்டரி இரண்டு. பாதி வழக்குகள் இங்கேயே தள்ளுபடி.

அடுத்து, பொறி விழும் முள். அதில் கரி படிந்தாலோ, வளைந்து இடைவெளி கூடிப்போனாலோ சத்தம் வரும், பொறி கேஸைத் தொடாது. மூன்றாவது காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிலிண்டர் காலி. இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு, விசிட்டிங் சார்ஜ் கொடுத்து, "ரெகுலேட்டரைத் திறக்கலையே சார்" என்று கேட்டு வாங்கிய ஆபீஸர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆடிட்டில் அத்தனை பேர் தப்பையும் கண்டுபிடிக்கிற மனிதர்!

இரண்டாவது: மூச்சுப் பேச்சே இல்லை

டிக் சத்தம்கூட இல்லை. பேட்டரியும் புதுசு. அப்படியானால் சந்தேகம் தண்ணீர் மேல். மொட்டை மாடித் தொட்டி கெய்சருக்கு நேர் மேலே நாலடியில் இருந்தால், ரப்பர் சவ்வைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீருக்குத் தெம்பு இருக்காது. 1 மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். கீழ்த்தளத்தில் ஜோராக வேலை செய்த அதே கெய்சர் மேல் மாடியில் சண்டித்தனம் பண்ணுவதன் ரகசியம் இதுதான்.

தொட்டி உயரமாக இருந்தும் வேலை செய்யவில்லையா? தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு குட்டி வலை உண்டு. போர் தண்ணீரின் மணலும் துருவும் அதில் அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டலாம் (பழைய பிரஷ்!). அதற்கும் மசியாவிட்டால் சவ்வு விறைத்துப் போய்விட்டது அல்லது கிழிந்துவிட்டது. ரப்பருக்கும் முதுமை உண்டு. அது மெக்கானிக் வேலை.

மூன்றாவது: பற்றும், அணையும்

தலையில் ஷாம்பூ நுரை, கண்ணை மூடியிருக்கிறோம். சரியாக அந்த நேரத்தில் 'பொக்' என்று அணைந்து, ஐஸ் தண்ணீர் விழும். கெய்சருக்கும் நமக்கும் முன்ஜென்மப் பகை என்று நினைக்க வேண்டாம். தீ எரிகிறதா என்று கண்காணிக்க ஒரு முள் இருக்கிறது. தீயில் அது நனைந்துகொண்டிருக்கும் வரை 'எல்லாம் சௌக்கியம்' என்று தகவல் போகும். முள்ளில் கரி படிந்தால் தகவல் போகாது. உடனே கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். தீ அணைந்தும் கேஸ் வந்துகொண்டே இருக்கக் கூடாதே, அதற்கான காவல் இது.

பெரும்பாலான கெய்சர்களில் இருபது நிமிஷம் ஆனால் தானாக அணைகிற டைமரும் உண்டு. அணைவது சில சமயம் வியாதி இல்லை, புத்திசாலித்தனம். "தொல்லையா இருக்கு, அந்த சென்ஸாரை பைபாஸ் பண்ணிக் குடுத்துடுப்பா" என்று சிலர் மெக்கானிக்கைக் கேட்கிறார்கள். காவல்காரன் இருமுகிறான் என்று அவனையே வீட்டுக்கு அனுப்புகிற கதை. செய்து தருகிற மெக்கானிக்கும் இருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

நான்காவது: டமால்!

கொஞ்ச நேரம் டிக் டிக். பிறகு ஒரு சின்ன தீபாவளி. பொறி தாமதமாக விழுவதால், அதற்குள் உள்ளே சேர்ந்த கேஸ் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றுகிறது. வலுவிழந்த பேட்டரி, தள்ளிப்போன முள், தூசி அடைத்த பர்னர் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். "அது அப்படித்தான் சார், பழகிடும்" என்று முன்னால் குடியிருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். பழகக் கூடாது. புருவம் மறுபடி முளைக்கும். ஆனால் ஒவ்வொரு டமாலிலும் ஜாயின்ட்டுகள் தளர்கின்றன.

ஐந்தாவது: வெதுவெதுப்பு

நெருப்பு ஜோராக எரிகிறது. தண்ணீர் மட்டும் ஆறிப்போன ஆபீஸ் காபி பதத்தில் வருகிறது. குற்றவாளி உப்பு. நம் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிக் குழாயின் உள்சுவரில் படிகிறது. சுண்ணாம்புக்கல் ஜாதி. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே சங்கதி. தீக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பினால் சூடு எப்படிக் கடக்கும்? மளிகைக் கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, சுருள் குழாயில் ஊறவைத்து மெக்கானிக் கழுவித் தருவார். எங்கள் தெரு போர் தண்ணீருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மங்கள ஸ்நானம் அவசியம்.

(முன்பக்கம் 'சம்மர் – விண்டர்' என்று ஒரு குமிழ் இருக்கிறது. அது சம்மரில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது உத்தமம்.)

ஆறாவது: ஒழுகல்

தண்ணீர் ஒழுகினால் வாஷர். பயமில்லை. கேஸ் ஒழுகினால் விவகாரம் வேறு. எல்.பி.ஜி.க்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அழுகிய முட்டைக்கோஸ் நாற்றமடிக்கும் மெர்காப்டனை வேலை மெனக்கெட்டுக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் நமக்காகக் காசு கொடுத்து வாங்கிய நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு அலட்சியம் பண்ணாதீர்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தேங்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். லைட் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு பொறி போதும். வெளியே வந்தபின் கேஸ் அவசர உதவிக்கு 1906. ஆரஞ்சு நிற ரப்பர் ட்யூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். அதன் மேலேயே தேதி அச்சடித்திருக்கும். அடுப்புக்கும் கெய்சருக்கும் ஒரே சிலிண்டரில் 'டீ' போட்டுக் கொடுக்கும் குடும்பக் கட்டுமானமும் வேண்டாம்.

ஏழாவது: மௌன விரதம்

மேலே சொன்ன ஆறும் தொந்தரவு கொடுத்தே காரியம் சாதிப்பவை. கத்தும், அணையும், வெடிக்கும், நாறும். நம்மை மெக்கானிக்கிடம் ஓடவைக்கும். ஏழாவது அப்படி இல்லை. டிக் என்றதும் பற்றும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். வாசனை வராது. ஒரே ஓர் அடையாளம்: நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரியும். கெய்சரின் நெற்றியில் கரி பூசியிருக்கும்.

கேஸுக்குப் போதுமான காற்று கிடைத்தால் முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் ஆகும். தீ நீலம். பர்னரின் காற்றுத் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்தாலோ, மேலே தகடுகளில் கரி அடைத்துப் புகை ஏறாவிட்டாலோ, அறையில் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டு வந்தாலோ, கேஸ் அரைகுறையாக எரிகிறது. அப்போது பிறப்பது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின் இருக்கிறதே, அதனிடம் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஸீட் முழுக்கக் கர்ச்சீப் போட்டு வைத்துவிட்டால் ஆக்ஸிஜன் எங்கே உட்காரும்?

2022 டிசம்பரில் எங்கள் காம்பவுண்ட் மாடி போர்ஷனில் நடந்தது இது. மூன்று பையன்கள். மூவருக்கும் பெங்களூர் பக்கம் வேலை, ஏழு மணிக்கு கம்பெனி பஸ். குளிருக்காக வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். முதல் பையன் குளித்துவிட்டு வந்தான். இரண்டாமவன் வந்து "தலை லேசா வலிக்குதுடா" என்றான். மூன்றாமவன் வரவே இல்லை. தண்ணீர் ஓடுகிறது, ஆள் பதில் சொல்லவில்லை. கதவை இடித்துத் திறந்தபோது சுவரோரமாகச் சரிந்து கிடந்தான்.

ஹாலுக்குத் தூக்கி வந்தார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினார்கள். 98! "ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி பரோட்டா சாப்பிட்டான். கேஸ் டிரபிளா இருக்கும்" என்றார் கூடியிருந்த பெரியவர் ஒருவர். சோடா வந்தது. அவர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். கேஸ் டிரபிள்தான், வயிற்றில் இல்லை, பாத்ரூமில்!

சோடாவை ஓரமாக வைத்துவிட்டு 108-க்குப் போன் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பாத்ரூம்ல கேஸ் கெய்சரா?" முகமூடி வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுத்தார். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள இந்த விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகுமாம். சுத்த ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். "ஆக்ஸிமீட்டர் 98 காட்டிச்சே டாக்டர்" என்றான் நண்பன். "அதுக்கு ஆக்ஸிஜன் ஏறின ரத்தத்துக்கும் இந்த விஷம் ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதுப்பா. ரெண்டும் சிவப்பு" என்றார் அவர். பையன் பிழைத்தான். ஒரு வாரம் எல்லாவற்றையும் மறந்து மறந்து பேசிக்கொண்டிருந்தான். பிறகு சரியாகிவிட்டது.

இதற்கு 'கேஸ் கெய்சர் சிண்ட்ரோம்' என்று நம் நாட்டு மருத்துவ இதழ்களில் பெயரே வைத்துவிட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. சூடான தண்ணீரைத் தலையில் ஊற்றினால் வலிப்பு வருகிற நோய் ஒன்று கர்நாடகத்தில் நிஜமாகவே உண்டு. பெங்களூர் நரம்பியல் மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதனால் பாத்ரூமில் விழுந்தவருக்கு வலிப்பு என்று மாத்திரை ஆரம்பித்து, மறுநாள் அதே பாத்ரூமுக்குள் அனுப்பிவிடுகிற அபாயம் இருக்கிறது. டாக்டரிடம் 'கேஸ் கெய்சர்' என்ற இரண்டு வார்த்தையை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

பி.காம். மூளைக்கு ஒரு கணக்கு

மூன்றாவது பையன் ஏன் விழுந்தான்? முதல் பையன் ஏன் விழவில்லை? காமர்ஸ்காரனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. போட்டேன்.

நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீர். 25 டிகிரி சூடேற்ற வேண்டும். ஆக, நிமிஷத்துக்கு 150 கிலோ கலோரி. பத்து நிமிஷக் குளியலுக்கு 1,500. வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சுமார் 1,900. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் கிடைப்பது ஏறக்குறைய 11,000. அப்படியானால் ஒரு குளியலுக்கு 170 கிராம் கேஸ். வீட்டு அடுப்பில் ஐந்து பர்னரை ஒன்றாக முழுசாக எரித்தால்கூட இந்த வேகம் வராது.

அந்த 170 கிராம் ஆவியானால் சுமார் 80 லிட்டர். ஒரு பங்கு கேஸ் முழுசாக எரிய, அதைவிட 24 முதல் 31 மடங்கு காற்று வேண்டும். ஆக, ஒரு குளியல் கிட்டத்தட்ட 2,200 லிட்டர் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்கிறது. நம் பாத்ரூம் எத்தனை? ஐந்தடிக்கு ஏழடி, உயரம் எட்டடி: 280 கன அடி, அதாவது 7,900 லிட்டர்.

வரவு 7,900; செலவு 2,200. கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் அனைத்தும் அடைபட்ட அறையில் ஒரே குளியலில் ஆக்ஸிஜன் கையிருப்பில் கால் பங்குக்கு மேல் காலி. கதவைத் திறந்து மூடுகிற அரை நிமிஷத்தில் கொஞ்சம் திரும்ப வரும். ஆனால் அடுத்தவர் துண்டோடு வாசலிலேயே காத்திருந்து, உடனே நுழைந்து தாழ்ப்பாள் போட்டால்? முந்தைய ஆள் விட்டுப்போன கடனோடுதான் அவர் கணக்கு தொடங்குகிறது. மூன்றாமவர் நுழைவது திவாலான கம்பெனிக்குள். ஆக்ஸிஜன் குறையக் குறைய தீ அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிய எரிய விஷம் கூடும். வட்டிக்கு வட்டி!

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். அடைத்த அறையாக இருந்தால் புத்தம் புது கெய்சரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. தாத்தா கெய்சருக்குத் தூசியும் கரியும் சேர்ந்துகொள்வதால் சீக்கிரமே மஞ்சளாகிறது, அவ்வளவுதான்.

கூண்டில் ஒரு குருவி

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதே விஷவாயு தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ந்து, மனிதனுக்கு முன்னால் பாதிக்கப்படும் சின்னப் பிராணிகளைக் கூடவே எடுத்துப் போகச் சொன்னார். கேனரி என்ற குட்டிப் பறவை கூண்டில் இறங்கியது. குருவி மயங்கினால் ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். 1986-ல்தான் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்து மின்னணுக் கருவிகளை வைத்தார்கள்.

பாத்ரூமில் குருவி வளர்க்க முடியாது. அதன் வேலையைச் செய்கிற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இப்போது கிடைக்கிறது. வாங்கும்போது ஜாக்கிரதை: 'கேஸ் லீக் அலாரம்' என்று கடையில் தருவது எல்.பி.ஜி. கசிவுக்கு. அது வேறு, இது வேறு. முதலாவது ஆறாவது வியாதிக்கு, இரண்டாவது ஏழாவதுக்கு.

என்ன செய்யலாம்?

உத்தமம்: கெய்சரை பாத்ரூமை விட்டு வெளியே துரத்துவது. பால்கனியிலோ, துணி துவைக்கும் திறந்த இடத்திலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுவது. பாட்டியின் கொல்லைப்புற பாய்லர் தத்துவம். மாடி போர்ஷனில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பிளம்பர் செலவு அவர்களுடைய ஒரு மாச வாடகையில் பாதிகூட ஆகவில்லை. ஓனர் முதலில் "இத்தனை வருஷமா எல்லாரும் அதுலதானே குளிச்சாங்க" என்றார். "ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டட்டுமா சார்?" என்று பையன்கள் கேட்டதும் பிளம்பர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மத்திமம்: அறையின் மேலே எப்போதும் திறந்திருக்கும் வென்டிலேட்டர், கதவின் அடியில் காற்று நுழைய ஜாலி அல்லது இடைவெளி. இரண்டும் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. வெளியே தள்ளும் காற்றுக்குப் பதிலாக உள்ளே வரக் காற்று வேண்டாமா? வருஷம் ஒரு தடவை பர்னரையும் தகடுகளையும் கழற்றிச் சுத்தம் செய்வது இதோடு சேர்த்தி. புதுசு வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது.

வாடகை வீட்டு பிரம்மச்சாரிகளுக்கான, காலணா செலவில்லாத வழி: வாளி! கதவை விரியத் திறந்து வைத்து, கெய்சரைப் போட்டு, வாளியை நிரப்பிக்கொள்ளுங்கள். கெய்சரை அணையுங்கள். ரெகுலேட்டரையும் மூடுங்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆனந்தமாகக் குளியுங்கள். 20 லிட்டர் வாளி நிரம்ப நாலு நிமிஷம்கூட ஆகாது. எரிகிற நெருப்போடு ஒரே அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். ஷவரில் நின்றால்தான் பாட்டு வரும் என்பவர்கள் சொம்பை மைக்காகப் பிடித்துக்கொள்ளலாம்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால்: முதலில் கதவைத் திறந்து, கேஸை மூடி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். 108. டாக்டரிடம் அந்த இரண்டு வார்த்தை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலையில் குளிக்கப் போகும்போது சோப்பைத் தேடுவதற்கு முன்னால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கெய்சரின் சின்ன ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். தீ நீலமாக இருந்தால் வாளியை நிரப்புங்கள். மஞ்சளாக இருந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பச்சைத் தண்ணீர்தான். பல் கிடுகிடுக்கும். ஆனால் கிடுகிடுக்கிற பல் உயிரோடு இருக்கிற ஆளுக்குத்தான் சார் இருக்கும்!